நிலம் ஆடினால் ஒரு மாத்திரை

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ‘என் பணி அனுபவம்’ என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டு, இரண்டு நர்ஸ் பெண்கள் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். டீயைக் குடித்து முடித்து, வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். கிண்டல் கேலி இல்லாமல் எழுத வேண்டுமாம், மேலிடத்தில் படிப்பார்களாம். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் கிண்டலையும் கேலியையும் எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது பஞ்சும் ஸ்பிரிட்டும்தான். அதை வைத்து நாலு பக்கம் நிரப்ப என்னால் ஆகாது. மலர்க் குழு என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் ரிட்டயரான ஒருத்தியை எந்தத் தீவுக்கு மாற்றிவிடப் போகிறார்கள்?

பயிற்சிக் காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேரில் ரோடு மேஸ்திரியாக இருந்தவர். நான் சேவை மனப்பான்மையால் நர்ஸ் ஆகவில்லை. எதிர் வீட்டு மலையாளி நர்ஸ் வெள்ளைச் சேலையில் நடந்துபோனால் தெருவில் சைக்கிள்கள் மெதுவாகப் போகும். அந்த ஆசைதான். மூன்றரை வருஷத்தில் படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், நின்றுகொண்டே தூங்கவும், இந்தி, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் ‘சரி சிஸ்டர்’ சொல்லவும் கற்றுக்கொண்டேன். வாயை அடக்க மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வாயால் வந்த வினைதான்.

இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம், போன மாதம் எனக்கே பிரஷர் பார்க்கப் போனது. உட்கார்ந்த உடனே கையில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கி, எண் வந்ததும் எழுதி அனுப்பிவிட்டாள் ஒரு பெண். எனக்கு முன்னால் இருந்தவர் பட்டையைக் கட்டிக்கொண்டே போனில் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார். மருமகன் மேல் இருந்த கோபத்துக்கும் சேர்த்து அவருக்கு மாத்திரை எழுதிவிட்டார்கள். டாக்டர் மண்டல் பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

டாக்டர் மண்டல் என் மேலதிகாரி. வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் பக்கம் குடியேறிய வங்காளிக் குடும்பம். ஒல்லியான ஆள், வெயிலோ மழையோ கையில் குடை. கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

பிரஷர் பார்ப்பது அவருக்குப் பூஜை மாதிரி. சாய்மானம் உள்ள மர நாற்காலி. இரண்டு பாதமும் தரையில் படியணும், கால் மேல் கால் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்துக்கு. பிறகு அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நோயாளி முன்னால் வைத்து, ‘பாஞ்ச் மினிட், சுப்’ என்பார். ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல், பேசாமல் இருக்கணும். அதற்கப்புறம்தான் பட்டை. பாதரசத்தை மேலே ஏற்றிவிட்டு, கிழவர் படியிறங்குவதுபோல அவ்வளவு மெதுவாக இறக்குவார். இரண்டு தடவை பார்ப்பார், இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. முதல் எண் அவன் வந்த பஸ்ஸோடது, இரண்டாவது டாக்டரைப் பார்த்த பயத்தோடது, மூன்றாவதுதான் அவனோடது என்பார்.

ஒருமுறை செக்ரட்டேரியட்டிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்தார். இரண்டாவது நிமிஷத்தில் அவருடைய போன் அடித்தது, எடுத்துப் பேசினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி போன், மறுபடி முதலிலிருந்து. வெளியே மீன்காரர்கள் வரிசை கதவிடுக்கில் வேடிக்கை பார்த்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஆபீசர் போனை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு, கிளாஸில் முட்டி போட்ட பையன் மாதிரி உட்கார்ந்தார். பிரஷர் சுத்தமாக நார்மல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மருந்தறைக்கு ஓடிப்போனேன்.

இனி சுனாமி. அந்தக் காலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குக் கிண்டல் வராது.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் லம்பா லைன் பகுதியைத் தாண்டி ஒரு மேட்டில் தகரக் கொட்டகைகள் போட்டு, நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவிலிருந்து கொண்டுவந்த நம் ஆட்களைத் தங்க வைத்திருந்தார்கள். இவர்கள் இலங்கை மலைத் தோட்டங்களில் தேயிலை பறித்தவர்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கிருந்து கச்சாலுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தவர்கள். வாரத்தில் மூன்று நாள் முகாமுக்கு நான் போக வேண்டும். அவர்கள் வழக்கத்தில் நர்ஸுக்கு ‘மிஸ்ஸி’ என்று பெயர். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. யாரும் திருத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் நிலம் அடிக்கடி ஆடும். சில வாரங்களில் அனேகமாகத் தினமும். தகரக் கொட்டகையில் அது இன்னும் மோசம். நமக்குத் தெரிவதற்கு முன்னால் கூரைத் தகரம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். உடனே எல்லோரும் வெளியே பாய்வார்கள். நின்றதும் ஒருத்தரையொருத்தர் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே போவார்கள்.

அந்த முகாமில்தான் சுப்பையா அண்ணன் இருந்தார். ஐம்பத்து நாலு வயசு, மரத்தைக் கட்டிப் பிடித்து வேலை செய்தே முறுக்கேறிய கை. அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி பார்வதி அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். பிள்ளைகள் கிடையாது. இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசை மரத்தில் பால் வெட்டியவர்கள்.

கச்சால் ரப்பர் தோட்டத்தில் மறுபடி வேலை தொடங்குகிறது, திரும்பி வருகிறவர்கள் வரலாம் என்று சேதி வந்தது. வயசானவர்களுக்கு டாக்டர் ஃபிட் சீட்டு கொடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே அப்போது ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பார்வதி அக்காவுக்குச் சீட்டு கிடைத்தது. சுப்பையா அண்ணனுக்கு மூன்று தடவை பார்த்தும் நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து. டாக்டர் சீட்டு தரவில்லை, மாத்திரை எழுதினார். வீட்டையும் பெயரையும் பிடித்து வைக்க யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகவேண்டும் என்று அக்கா முன்னால் கப்பலேறிவிட்டார். இவர் ஒரு மாதத்தில் பின்னாலேயே போவதாகப் பேச்சு. தீபாவளிக்குள் தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வந்து நிற்காதவர்கள் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெயர் போனால் குடியிருப்பும் போகும்.

அடுத்த வாரம் முகாமில் சுப்பையா அண்ணனையும் சேர்த்துப் பிரஷர்காரர்கள் ஏழு பேருக்கு அட்டினோலால் மாத்திரை கொடுத்தேன். தினமும் காலையில் ஒன்று என்று முறையாகச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, கூரை அடித்துக்கொண்டது. எல்லோரும் வெளியே பாய்ந்தோம். எனக்கு முன்னால் யாரும் பாயவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆட்டம் நின்று பார்த்தால், சுப்பையா அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிந்து நிற்கிறார். எனக்கும் பயம்தான். மிஸ்ஸி பயந்துவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாதே. ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்து, “நிலம் ஆடுச்சுன்னா இதுல ஒண்ணு போடுங்கண்ணே. அது ஆடட்டும், உங்க நெஞ்சு ஆடாது” என்றேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குக் குஷி தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடியபோது, கைதட்டல் வாங்கிய வசனமாயிற்றே, இன்னொரு தடவை சொன்னேன். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

முதல் ஒன்றரை மாதம் எல்லாம் அருமையாகப் போயிற்று. சுப்பையா அண்ணனின் பிரஷர் படிப்படியாக இறங்கியது. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சீட்டைத் தள்ளிப்போட்டார். அதற்குப் பிறகுதான் தலைகீழாயிற்று. ஒரு திங்கட்கிழமை வந்து, நெஞ்சில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது, படபடவென்று அடிக்கிறது என்றார். பிரஷர் பழையபடி மேலே நின்றது. ஈசிஜி எடுத்தோம். இதயத் துடிப்பு வேகமாக இருந்ததே தவிரப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் படம் நன்றாக இருந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிற ஆள் இல்லை டாக்டர்.

மாத்திரை போடுகிறாயா என்று கேட்டார். போடுகிறேன் என்றார் சுப்பையா அண்ணன். தவறாமலா என்று கேட்டார். ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதுதான் டாக்டரைக் குழப்பியது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஒருத்தனுக்கு நெஞ்சு இறுக்குகிறது என்றால் உள்ளே அடைப்பு ஏதாவது இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு தடவையும் அதே கதை. வலி வந்து வந்து போனது. டாக்டர் முடிவு பண்ணிவிட்டார், மெயின்லேண்டுக்கு அனுப்பி முழுசாகப் பார்க்க வேண்டும். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாளுக்கு மேல். அங்கே பரிசோதனை, படுக்கை, திரும்பக் கப்பல். தீபாவளி எங்கேயோ போய்விடும். தெற்கே கச்சாலுக்குப் போகவேண்டியவரை வேறு திசைக்கு அனுப்புகிறார்கள். சேதியை நான்தான் தமிழில் சொன்னேன். அவரோ, கப்பல் ஆள் ஒருத்தன் சேதி கொண்டுவந்ததாகவும், பார்வதி அங்கே படுப்பதே இல்லை, ஆட்டத்துக்குப் பயந்து கதவுப் பக்கம் உட்கார்ந்தே தூங்குகிறாள் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை மெயின்லேண்டுக்குப் போகும் கடிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வழிக்கு மாத்திரை கொடுக்கலாம் என்று முகாமில் அவர் கொட்டகைக்குப் போனேன். மாத்திரை இருக்கிறது மிஸ்ஸி என்று ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். போன வாரமே தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

போடவில்லையா அண்ணே என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையைப் பிடிக்காத குறையாகத் தகரச் சுவருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏதோ கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. தேதிக் கட்டங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு. பழைய மாதங்களைப் புரட்டினால், ஒரு கட்டத்தில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, ஒரு நாளில் மூன்று. இந்த மாதம் நாலு நாள், ஐந்து நாள் சேர்ந்தாற்போல ஒன்றுமே இல்லை.

“இந்த நாளெல்லாம் ஏன் போடல?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு ஆடலையே மிஸ்ஸி.”

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. இப்படி யார் சொன்னது என்று கேட்டேன், கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. நீங்கதான் என்றார். குறையாகச் சொல்லவில்லை, நன்றியோடு சொன்னார். நான் சொன்னபடி ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை என்றார். அக்கம்பக்கத்துப் பிரஷர்காரர்கள் ஆறு பேரும் அப்படித்தான் போடுகிறார்கள், தகரம் அடித்தால் டப்பாவைத் திறந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். தினம் காலையில் ஒன்று என்று நான் முறையாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கிண்டலுக்குச் சொன்னது ஏழு பேர் வீட்டிலும் சட்டமாகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாம் கோவையாக வந்தது. முதல் ஒன்றரை மாதம் தினமும் ஆடியது, ஆகவே தினமும் மாத்திரை உள்ளே போனது. பிரஷர் இறங்கியது. பிறகு ஆட்டம் குறையக் குறைய மாத்திரையும் குறைந்தது. பூமிக்கு உடம்பு தேறத் தேற இவருக்கு உடம்பு கெட்டது. அந்த மாத்திரை ஓடுகிற இதயத்துக்குப் பிரேக் போடுகிற ஜாதி. பழகிய இதயத்திலிருந்து பிரேக்கைத் திடீரென்று எடுத்தால் அது தறிகெட்டு ஓடும், நெஞ்சு இறுக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்தப் பாடத்தன்று நான் தூங்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு ஒரே ஆறுதல்.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை டாக்டரிடம் போய், சுப்பையா மாத்திரையைச் சரியாகப் போடவில்லை சார், விட்டு விட்டுப் போட்டிருக்கிறார், வலி அதனால் இருக்கலாம் என்றேன். பாதி உண்மை. நிலநடுக்கத்தையும் என் வசனத்தையும் பூசி மெழுகிவிட்டேன். மெயின்லேண்டுக் கடிதம் நின்றுவிடும், அண்ணனும் தப்பினார், நானும் தப்பினேன் என்று நினைப்பு.

டாக்டர் கடிதத்தை ஓரமாக வைத்தார். ஆனால் பக்கத்தில் இருந்த ஃபிட் சீட்டுப் புத்தகத்தையும் மூடி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். என் முகத்துக்கு நேரே, ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று சொன்ன ஆள் அவன், இப்படிப் பொய் சொல்கிறவனை டாக்டர் இல்லாத தீவுக்கு அனுப்பி நான் எப்படி நிம்மதியாக இருப்பது என்று கேட்டார். மெயின்லேண்டும் வேண்டாம், கச்சாலும் வேண்டாம், இங்கேயே கிடக்கட்டும் என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷனுக்கு என்னால் பொய்யன் பட்டம். வேலை போனால் போகட்டும் என்று ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஆட்டம், என் வசனம், கைதட்டல், இரண்டாம் தடவை, காலண்டர், ஏழு பேர். இந்தியில் அழுவது கஷ்டம், இருந்தாலும் அழுதேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வலது கண்ணாடி முடிந்தது, இடது முடிந்தது, மறுபடி வலது. என் சர்வீஸிலேயே அவ்வளவு நேரம் அவர் துடைத்துப் பார்த்ததில்லை. கடைசியில் மாட்டிக்கொண்டு, “அவன் பொய் சொல்லல. நீ சொன்னதை ஒழுங்கா செஞ்சிருக்கான். என் பேஷண்ட்ல இத்தனை ஒழுங்கா மாத்திரை போட்டவன் வேற யாரும் இல்லை” என்றார்.

பிறகு தண்டனையைச் சொன்னார். பதினான்கு நாள், ஞாயிறு உட்பட, ஏழு பேரும் என் கண் முன்னால் காலையில் மாத்திரை விழுங்க வேண்டும். அளவைக் குறைத்துத் தொடங்கி ஏற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தார். பதினைந்தாம் நாள் சுப்பையாவை அவரே பார்ப்பார். அன்றைக்குப் பிரஷர் அடங்கி, இடையில் வலியும் வராமல் இருந்தால் சீட்டு. இல்லாவிட்டால் அவன் மெயின்லேண்டுக்கு, நீ எங்கேயென்று நான் யோசிக்கிறேன் என்றார். தீபாவளிக்கு அப்போது இருபது நாள் இருந்தது.

முதல் நாள் காலை முகாமுக்குப் போனால் ஒருத்தர் குளிக்கப் போயிருக்கிறார், ஒருத்தர் கடைக்கு, ஒருத்தர் அப்புறம் போட்டுக்கொள்கிறேன் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். ஏழு பேரைச் சேர்ப்பதற்குள் பத்து மணி. இது நடக்கிற காரியமா என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததும், சுப்பையா அண்ணன் எழுந்து போய் ஒரு இரும்புத் துண்டைத் தேடி எடுத்து வந்து மரக்கிளையில் கட்டினார். நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க மிஸ்ஸி, பெரட்டு வச்சிருவோம் என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் இரும்பை அடித்தார். எங்கிருந்துதான் வந்தார்களோ, ஏழு பேரும் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். மூன்று தலைமுறையாகக் காலையில் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போய் நின்று பழகிய கால்கள். நான் பேர் வாசித்தேன், அவர்கள் குரல் கொடுத்து ஒரு அடி முன்னால் வந்து மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பிரஷர் இல்லாத நாலு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். பேர் வாசிக்காமல் விட்டதற்குக் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஒரு பேரைச் சொல்லி, வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். நடுவில் இரண்டு தடவை நிலம் ஆடியது. டப்பாவை நான் பிடுங்கி வைத்திருந்ததால் யாரும் எதையும் விழுங்க முடியவில்லை. சுப்பையா அண்ணனுக்கு ஐந்தாம் நாளோடு நெஞ்சு இறுக்கம் நின்றது. நான் நம்பாமல் தினமும் நாலு தடவை கேட்டேன்.

பதினைந்தாம் நாள். டாக்டர் அறையில் சுப்பையா அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதம் தரையில், கை மேசைமேல். வெள்ளைச் சட்டை போட்டுத் திருநீறு பூசி வந்திருந்தார். அந்த வாரம் வியாழக்கிழமை நிக்கோபார் கப்பல், அதை விட்டால் தீபாவளிக்கு முன்னால் வேறு கப்பல் இல்லை. டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். ஐந்து நிமிஷம் ஆடாதே, பேசாதே என்று நானும் தமிழில் ஒரு தடவை சொன்னேன்.

மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். ஜன்னல் கண்ணாடி கிர்ரென்றது, மேசை நகர்ந்தது. அந்த மாதத்திலேயே பெரிய ஆட்டம் அதுதான். எனக்கு என்ன நடந்தது என்று நினைவில்லை, நினைவு வந்தபோது முற்றத்தில் நிற்கிறேன். பக்கத்தில் டாக்டர் மண்டல், கையில் குடை. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, உள்ளே ஒரு நோயாளி.

ஓடிப்போய்ப் பார்த்தால், சுப்பையா அண்ணன் அதே நாற்காலியில், அதே நிலையில். பாதம் தரையில், கை மேசைமேல், வாய் மூடியிருக்கிறது. மேலே இருந்து உதிர்ந்த சுண்ணாம்பு அவர் தலையில். டாக்டர் நாடியைப் பிடித்தார், அறுபத்தெட்டு. பட்டையைக் கட்டினார். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்து நாலு. நம்பாமல் இன்னொரு தடவை, அதற்கும் கீழே. ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்கச் சொன்னார். சுப்பையா அண்ணன் பேசவில்லை, கண்ணால் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து நிமிஷம் முடிந்தது என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லையே.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தன் சட்டைக் கையைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். பார்த்தேன். எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை, பெரிய மனிதர். சீட்டுப் புத்தகத்தை டிராயரிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டே, “இவன் ஃபிட். இந்த ரூம்ல அன்ஃபிட் நாம ரெண்டு பேர்தான் சிஸ்டர்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை அவரைக் கப்பலேற்ற ஹாடோ ஜெட்டிக்கு நானும் போனேன். மூன்று மாதத்து மாத்திரையை டப்பாவில் போட்டு, தினம் காலையில் ஒன்று, ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒன்று என்று நூறு தடவை சொன்னேன். அவரையும் சொல்ல வைத்தேன். அவர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் படிக்குப் பக்கத்தில் போய், பிறகு திரும்பி வந்தார். டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காததற்குக் காரணம் தைரியம் இல்லையாம், கடிகாரமும் இல்லையாம். எழுந்தால் சீட்டு போய்விடும், சீட்டு போனால் பார்வதி போய்விடுவாள் என்று நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

கச்சாலில் இதைவிட அதிகமாக ஆடுமே அண்ணே, அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அங்க ஆடட்டும் மிஸ்ஸி. ஆடுறப்ப நான் அவ கையப் புடிச்சுக்குவேன், அவ என் கையப் புடிச்சுக்குவா. இங்க எனக்குப் புடிச்சுக்க யாரும் இல்ல. நீங்க ஒரு மாத்திரையக் குடுத்தீங்க, அதப் புடிச்சுக்கிட்டேன்.”

என் வசனத்துக்கு மயங்கித்தான் ஏழு பேரும் அப்படிச் செய்தார்கள் என்று அதுவரை எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அது அங்கேயே போயிற்று. பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, அழுகைதான் வந்தது. அவர் படியேறிப் போய்விட்டார்.